ஸ்கோப் குமிழுக்குக் காப்புரிமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வடஆற்காடு மாவட்டப் பகுதிகளிலிருந்து இம்முறை வந்த கடிதங்களுள் பல, ஸ்கோப் எனப்படும் குறிபார்க்கும் ஒளியியல் கருவிகளில் குறியை நகர்த்த உதவும் திருப்புக் குமிழையும் அதற்கான காப்புரிமை ஆய்வையும் பற்றியே அமைந்திருந்தன. ஆகவே இவ்விதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படியே தவிர்த்துள்ளேன்.

கேள்வி: சிப்காட் அருகில் லேத் பட்டறை நடத்துகிறேன். ஏர் ரைபிள் பயிற்சி பெறும் நண்பர்களுக்காக, ஸ்கோப்பின் மேற்புறக் குமிழ் ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். குமிழைத் தூக்கினால் திரும்பும், அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். தொடக்கப் புள்ளிக்குக் கீழே இறங்காதபடி ஒரு தடை உண்டு. ஒவ்வொரு க்ளிக்கும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். சென்னை அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்திருக்கிறது. பூட்டு ஓர் ஆவணத்திலும், தடை மற்றோர் ஆவணத்திலும், க்ளிக் அமைப்பு மைக்ராஸ்கோப் குமிழ் பற்றிய மூன்றாவது ஆவணத்திலும் இருப்பதாகவும், மூன்றையும் சேர்ப்பது துறை அறிந்த எவருக்கும் தோன்றக்கூடியதே என்றும் அதில் எழுதியுள்ளனர். பிரிவு 3(எஃப்) என்றும் ஓர் ஆட்சேபம் உள்ளது. என் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிட்டதா? — லேத் பட்டறை உரிமையாளர், ராணிப்பேட்டை

பதில்: தள்ளுபடி ஆகவில்லை. முதல் ஆய்வறிக்கை என்பது ஆய்வாளர் தம் ஐயங்களை எழுத்தில் வைக்கும் கட்டமே தவிர, முடிவு அன்று. எந்திரப் பொருள்களுக்கான விண்ணப்பங்களில் ஆட்சேபமே இல்லாத முதல் அறிக்கையைக் காண்பது அரிது. ஆனால் காலக்கெடுவை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் பதில் சென்று சேர வேண்டும். அக்கெடு முடிவதற்குள் படிவம் 4-இல் கேட்டுக்கொண்டால் மேலும் 3 மாதங்கள் கிடைக்கும். அதையும் தவறவிட்டால், விண்ணப்பத்தைத் தாங்களே கைவிட்டதாகச் சட்டம் கருதிவிடும். நல்ல கண்டுபிடிப்புகள் பல ஆய்வில் தோற்காமல், பதில் எழுதப்படாமலேயே மடிந்து போகின்றன என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இப்போது ஆட்சேபத்துக்கு வருவோம். ஆய்வாளர் எழுப்பும் கேள்விகள் இரண்டு; அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது புதுமை: தங்கள் கோரிக்கையில் (எதற்கு உரிமை வேண்டும் என்று எல்லை வகுக்கும் வாக்கியத்தில்) உள்ள எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்தில் ஒருசேர இருக்கின்றனவா என்பது. தங்கள் அறிக்கையில் மூன்று தனித்தனி ஆவணங்களைக் காட்டியிருப்பதே, அப்படி ஒரே ஆவணம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு அடையாளம். இரண்டாவது புத்தாக்கப் படி: 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ)-இன்படி, கண்டுபிடிப்பு ஏற்கெனவே உள்ள அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ உடையதாக இருக்க வேண்டும், அத்துடன், துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். பிரிவு 3(எஃப்) இதற்கு அண்டை வீடு போன்றது. தெரிந்த உறுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சாராமல் தன் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தால், அத்தகைய அடுக்கலுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது அப்பிரிவு.

ஆகவே தங்கள் பதில் முழுவதும் ஒரே கேள்வியின் மேல் நிற்கும்: பூட்டு, தடை, க்ளிக் ஆகிய மூன்றும் தனித்தனியே வேலை செய்கின்றனவா, அல்லது ஒன்றின் வேலையை மற்றொன்று மாற்றுகிறதா?

இதற்கு விடை காண, குமிழ் உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். குமிழின் அடியில் உள்ள திருகு, ஸ்கோப்பின் உட்குழாயை ஒரு பக்கத்திலிருந்து தள்ளுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறது. மில்லிரேடியன் என்னும் கோண அளவில் அமைந்த ஸ்கோப்புகளில் ஒரு க்ளிக் பெரும்பாலும் 0.1 மில்லிரேடியன், 100 மீட்டர் தொலைவில் அது 1 சென்டிமீட்டர். முகப்பு லென்சின் குவிய தூரம் 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு க்ளிக்குக்கு உட்குழாயின் முனை நகர வேண்டிய தூரம் 0.02 மில்லிமீட்டர் மட்டுமே. 1 மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள திருகாயின் ஒரு சுற்றில் 50 க்ளிக்குகள் வரும். லேத்தில் நிற்பவருக்கு 0.02 எவ்வளவு நுண்ணியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குமிழை அமுக்கிப் பூட்டும்போது, அமுக்கும் விசை திருகின் மேல் விழுந்தாலோ, க்ளிக் வளையம் தன் இருக்கையில் சிறிது பக்கவாட்டில் ஆடினாலோ, பூட்டுவதாலேயே குறி இடம்பெயர்ந்துவிடும். பூட்டும் வசதியுள்ள குமிழ்களின் உண்மையான சிக்கல் இதுதான்.

தாங்கள் இணைத்தனுப்பிய வரைபடங்களுள் மூன்றாவதை நெடுநேரம் பார்த்தேன். (விண்ணப்பம் ஏற்கெனவே காப்புரிமை இதழில் வெளியாகிவிட்டதால், அதை இங்கே விவரிப்பதில் தங்களுக்குக் கேடு இல்லை.) பூட்டு வளையத்தின் அடிமுகம் தட்டையாக இல்லாமல் கூம்பாகக் கடையப்பட்டிருக்கிறது, உடற்பகுதியிலும் அதற்கேற்ற கூம்புப் பள்ளம் உள்ளது. அமுக்கும்போது அந்தக் கூம்பு க்ளிக் வளையத்தை நடுமையத்துக்குத் தள்ளி, ஸ்பிரிங் மேல் உள்ள சிறு உருண்டை தன் பள்ளத்தின் நடுவிலேயே அமரும்படி செய்கிறது. கை அமுக்கும் விசையும் திருகுக்குப் போகாமல் கூம்பு வழியாக உடற்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, இங்கே பூட்டு வெறும் பூட்டாக இல்லை. க்ளிக்கின் தளர்வை நீக்கும் உறுப்பாகவும் இருக்கிறது. ஆய்வாளர் காட்டிய பூட்டு ஆவணத்தில் தட்டையான பற்களே உள்ளன என்று தாங்கள் எழுதியிருப்பது சரியாக இருக்குமானால், தங்கள் விண்ணப்பத்தின் உயிர் இந்தக் கூம்பில்தான் இருக்கிறது.

ஆனால் தங்கள் முதற் கோரிக்கையில் கூம்பு என்ற பேச்சே இல்லை. “பூட்டும் அமைப்பும், தடுக்கும் அமைப்பும், க்ளிக் அமைப்பும் கொண்ட குமிழ்” என்று மட்டுமே இருக்கிறது. இவ்வளவு அகலமாகக் கேட்டதற்குத்தான் ஆய்வாளர் மூன்று ஆவணங்களைக் காட்டியிருக்கிறார். கேட்ட கேள்விக்கு அவர் பதில் முறையானதே. இனித் தாங்கள் செய்யக்கூடியது, கோரிக்கையைக் குறுக்குவது. பிரிவு 59-இன்படி, முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணத்தில்) எழுதப்படாத, காட்டப்படாத எதையும் பின்னர் புகுத்த முடியாது. திருத்திய கோரிக்கை பழைய கோரிக்கையின் எல்லைக்குள்ளேயே அடங்கவும் வேண்டும். கூம்பு தங்கள் வரைபடத்தில் காட்டப்பட்டிருக்கிறது; விவரணையிலும் “வளையத்தின் அடிமுகம் கூம்பு வடிவில் கடையப்பட்டு, க்ளிக் வளையத்தைத் தளர்வின்றிப் பிடிக்கிறது” என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் இன்று தங்களைக் காக்கக்கூடும். “அமுக்கிய நிலையில் பூட்டு வளையத்தின் கூம்பு முகம் உடற்பகுதியின் கூம்புப் பள்ளத்தில் அமர்ந்து, க்ளிக் வளையத்தின் பக்கவாட்டுத் தளர்வை நீக்குமாறு அமைந்த” என்னும் பொருள்பட முதற் கோரிக்கையைத் திருத்தி, தொடக்கப் புள்ளித் தடையைச் சார்பு கோரிக்கைக்கு (முதற் கோரிக்கையைச் சார்ந்து நிற்பது) இறக்கிவிடுங்கள்.

அத்துடன் அளந்து காட்டுங்கள். உட்குழாயின் முனையில் டயல் கேஜ் வைத்து, கூம்பு வளையத்தோடும் தட்டை வளையத்தோடும் பலமுறை பூட்டித் திறந்து, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி, அந்த அட்டவணையைப் பிரமாண வாக்குமூலமாகப் பதிலோடு இணையுங்கள். “எங்கள் குமிழ் சிறந்தது” என்னும் வாக்கியத்தை ஆய்வாளர் எல்லாப் பதில்களிலும் படிக்கிறார். அளந்த எண்களை அவர் அரிதாகவே பார்க்கிறார்.

இவ்விடத்தில் தாங்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. அதுவும் லேத்தைப் பற்றியதே. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர், பாத்திரத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே பாத்திரங்களை லேத்தில் பிடித்துக் கடையும் முறைக்கு 1951-இல் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமை ஒன்றைக் குறித்து இரு நிறுவனங்களுக்கிடையே எழுந்த வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை சென்று 1978 டிசம்பரில் முடிந்தது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்பது வழக்கின் பெயர். பழைய முறையில் கடையும்போது பாத்திரம் பிடிப்பிலிருந்து தெறித்துப் போகும் ஆபத்து இருந்தது. புதிய முறையில் எதிர்முனையிலிருந்து அழுத்தம் கொடுத்துப் பிடித்தனர். வேலை விரைவாகவும் பாதுகாப்பாகவும் நடந்தது உண்மை. ஆயினும், அப்படி அழுத்திப் பிடிப்பது லேத் தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்டதே என்றும், செய்தது பட்டறையில் இயல்பாக நிகழும் மேம்பாட்டுக்கு மேற்பட்டதன்று என்றும் கூறி, நீதிமன்றம் அக்காப்புரிமையைச் செல்லாதென்று முடிவு செய்தது. வசதியும் வேகமும் மட்டும் போதா. தேர்ந்த தொழிலாளி தன் அன்றாடத் திறமையால் எட்டிவிடக்கூடிய இடத்துக்கு அப்பால் ஓர் அடி இருக்க வேண்டும். எந்திரப் பொருள்களின் ஆய்வில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. அமெரிக்காவிலும், வாகனத்தின் மிதிகட்டையோடு மின்னணு உணர்கருவியைச் சேர்த்த காப்புரிமை குறித்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2007-இல் ஏறத்தாழ இதே பாதையில் சென்றது: தெரிந்த உறுப்புகளைச் சேர்த்து, எதிர்பார்க்கக்கூடிய பலனையே பெற்றால் அது கண்டுபிடிப்பாகாது.

எனவே பதிலில், அமுக்கும் விசையால் குறி நகர்கிறது என்னும் சிக்கலை ஆய்வாளர் காட்டிய மூன்று ஆவணங்களுள் எதுவும் பேசவில்லை என்பதையும், பேசாத சிக்கலுக்கு அவற்றைச் சேர்த்தாலும் கூம்பு என்னும் விடை கிடைக்காது என்பதையும் பொறுமையாக எடுத்துரையுங்கள். அதன் பிறகும் ஆட்சேபம் நீங்காவிட்டால் நேர்முக விசாரணை கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு. இப்போது அது பெரும்பாலும் காணொலி வழியே நடப்பதால் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம் வரை செல்ல வேண்டியிராது. அங்கும் மறுக்கப்பட்டால் 3 மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2021-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டதால், நம் பகுதியினருக்கு அதற்கான இடம் சென்னை உயர் நீதிமன்றம்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு மாணவி. பார்வைக் குறைவு உள்ளவர்களும் தொட்டே எண்ணக்கூடிய ஸ்கோப் குமிழைப் புராஜெக்டாகச் செய்தோம். கல்லூரிக் கண்காட்சியில் வைத்தோம். யூடியூபிலும் காணொலி போட்டோம். இப்போது பேராசிரியர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். முடியுமா? — மாணவி, காட்பாடி

பதில்: காணொலியில் குமிழின் உள்ளமைப்பு தெரிகிறதா என்பதைப் பொறுத்தது இது. வெளிப்புறமும் செயல்விளக்கமும் மட்டும் தெரிந்து, உள்ளே உள்ள அமைப்பைப் பார்ப்பவர் அறிய முடியாதென்றால், உள்ளமைப்புக்கு இன்னும் வழி இருக்கலாம். பிரித்துக் காட்டியிருந்தால், காட்டிய அளவுக்குத் தங்கள் புதுமையைத் தாங்களே கெடுத்துவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்காட்சிக்குப் பிறகு 12 மாத அவகாசம் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். பிரிவு 31 தரும் அந்தச் சலுகை, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு உரியது. கற்றோர் கழகத்தின் முன் படித்த கட்டுரைக்கும் அதில் இடமுண்டு. கல்லூரி நாள் கண்காட்சியும் யூடியூபும் அதில் அடங்கா. வேறு சில நாடுகளின் தாராளத்தை இணையத்தில் படித்துவிட்டு நம் மாணவர்கள் ஏமாந்து போவதைப் பார்க்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது: காணொலியில் வராத மேம்பாடு ஏதேனும் தங்கள் கையில் இருந்தால், அதை யாருக்கும் காட்டாமல், தற்காலிக விவரக்குறிப்பாக உடனே தாக்கல் செய்யுங்கள். அந்த நாள் தங்களுக்கு முன்னுரிமை நாளாக (புதுமையைக் கணக்கிடும் நாளாக) பதிவாகும். முழு விவரக்குறிப்பை 12 மாதங்களுக்குள் தரலாம். மேலும், விண்ணப்பதாரர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருந்தால் விரைவு ஆய்வு கேட்கலாம் என்று விதி 24சி இடமளிக்கிறது. தங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கப் போவதாயின், அந்த வாய்ப்பு தங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: காப்புரிமைக்கு லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்களே? எட்டாம் வகுப்பு படித்த டர்னரான நான் வக்கீல் இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா? தமிழில் எழுதலாமா? — டர்னர், ஆம்பூர்

பதில்: அரசுக் கட்டணம் லட்சம் அன்று. தனிநபர், இணையவழித் தாக்கல் என்றால், 30 பக்கங்களுக்கும் 10 கோரிக்கைகளுக்கும் உட்பட்ட விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய். ஆய்வுக்கான வேண்டுகைக்கு 4,000 ரூபாய். விரைவு ஆய்வாயின் 8,000 ரூபாய். உரிமை கிடைத்த பிறகு, விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணும் மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. செலவு பெருகுவது பெரும்பாலும் தொழில்முறை எழுத்துக்கான கூலியில்தான். ஆய்வு வேண்டுகையைத் தனியே தர வேண்டும் என்பதை மறவாதீர்கள். விண்ணப்பித்தால் மட்டும் யாரும் ஆய்வு செய்யமாட்டார்கள். 2024 மார்ச் 15-க்குப் பிந்தைய விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 31 மாதங்கள்; அதற்கு முந்தியவற்றுக்கு 48 மாதங்கள்.

வக்கீலோ காப்புரிமை முகவரோ இல்லாமல் தாங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆவணங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் இருக்க வேண்டும் என்கிறது விதி. தமிழில் சிந்தித்துத் தமிழில் வேலை செய்யும் ஒரு டர்னரின் அறிவை, அவர் படிக்க முடியாத மொழியில் எழுதிக் கையெழுத்திடச் சொல்வது எனக்கு முறையாகப் படவில்லை. இந்த விதி மாற வேண்டும் என்று கருதுகிறேன். மாறும் வரை ஒரு வழி சொல்கிறேன். முதலில் தமிழிலேயே, பட்டறைப் பேச்சிலேயே, ஒவ்வொரு உறுப்புக்கும் எண்ணிட்டு முழுவதும் எழுதுங்கள்: எந்த உறுப்பு எதைத் தொடுகிறது, எதைத் தள்ளுகிறது, எது இல்லாவிட்டால் என்ன கெடும். பிறகு ஆங்கிலத்தில் எழுதித் தருபவரைப் பக்கத்தில் அமர்த்தி, அவர் எழுதியதை வரிக்குவரி தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தங்கள் மூலத்தில் இருந்த ஓர் உறுப்பு அவர் சொல்வதில் விட்டுப்போயிருந்தால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தாக்கல் செய்த பிறகு அதைச் சேர்க்க இயலாது.

கேள்வி: நிலஅளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்துத் தியோடலைட்டில் (கோணம் அளக்கும் கருவி) நுண்நகர்வுத் திருகு ஒரு பக்கமும் அதற்கு எதிரே ஸ்பிரிங்கும் இருக்கும். இப்போது ஒரு நிறுவனம் இதே ஏற்பாட்டை “புதிய ஸ்கோப் குமிழ்” என்று காப்புரிமை கேட்டு, அது காப்புரிமை இதழில் வெளியாகியிருப்பதை என் பேரன் காட்டினான். ஓய்வுபெற்ற நான் இதை எதிர்க்கலாமா? தியோடலைட் வேறு, துப்பாக்கி வேறு என்று சொல்லிவிடுவார்களா? — ஓய்வுபெற்ற சர்வேயர், குடியாத்தம்

பதில்: ஐயா, தாராளமாக எதிர்க்கலாம். வெளியான விண்ணப்பத்துக்கு, உரிமை வழங்கப்படுவதற்கு முன்பு எவரும் எதிர்மனு தரலாம் என்கிறது பிரிவு 25(1). தங்களுக்கு அதில் வணிக நலன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உரிமை வழங்கிய பிறகு எதிர்ப்பதாயின் ஓராண்டுக் கெடுவும், நலன் உடையவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்துவிடும். ஆகவே காலந்தாழ்த்தாதீர்கள்: வெளியீட்டுக்குப் பின் 6 மாதங்கள் வரை உரிமை வழங்க மாட்டார்கள்; அதற்குப் பிறகு எந்த நாளிலும் வழங்கிவிடலாம். படிவம் 7ஏ-இல் மனு தர வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பின் அதற்குக் கட்டணம் உண்டு.

தியோடலைட் வேறு துறையா என்பது நல்ல கேள்வி. பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் துப்பாக்கி ஸ்கோப் எஃப்41ஜி 1/38 என்ற இடத்திலும், தியோடலைட் ஜி01சி 1/02 என்ற இடத்திலும், கையால் திருப்பும் குமிழ்கள் பொதுவாக ஜி05ஜி 1/10 என்ற இடத்திலும், குமிழைக் குறித்த நிலைகளில் நிறுத்தும் அமைப்புகள் ஜி05ஜி 5/06-இலும் வைக்கப்பட்டுள்ளன. வகை எண் வேறு என்பதால் துறை வேறாகிவிடாது. அதே சிக்கலைத் தீர்க்க முயலும் ஒருவர் இயல்பாக எங்கெல்லாம் தேடுவாரோ, அங்கெல்லாம் ஆய்வாளரும் தேடலாம். ஒரு தொலைநோக்கியின் நோக்குக்கோட்டை மிக நுண்ணிய கோணத்தில் நகர்த்தி நிறுத்துவதே இரண்டு கருவிகளின் சிக்கலும். கால் நிமிடக் க்ளிக் கொண்ட ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 15 வினாடிக் கோணம். தாங்கள் பழகிய வெர்னியர் தியோடலைட்டுகளில் பலவற்றின் மீச்சிற்றளவு 20 வினாடி. இவ்வளவு நெருங்கிய அளவுகளில் வேலை செய்யும் கருவிகளை ஒன்றுக்கொன்று அந்நியம் என்று வாதிடுவது எளிதன்று.

ஆனால் “எங்கள் காலத்தில் இருந்தது” என்று எழுதினால் மட்டும் போதாது; அந்த விண்ணப்பத்தின் முன்னுரிமை நாளுக்கு முன்பே இந்த ஏற்பாடு இந்தியாவில் வெளிப்படையாக அறியப்பட்டது அல்லது பயன்பட்டது என்று காட்ட வேண்டும். தயாரிப்பாளரின் பழைய விலைப்பட்டியல், கருவியோடு வந்த கையேடு, பாலிடெக்னிக் நிலஅளவைப் பாடநூலின் பதிப்பாண்டு தெரியும் பக்கம், கருவியின் வரிசை எண்ணோடு கூடிய இருப்புப் பதிவேட்டு நகல் ஆகியவை பயன்படும். பிறகு விண்ணப்பத்தின் முதற் கோரிக்கையை எடுத்து, அதன் ஒவ்வொரு சொற்றொடருக்கும் எதிரே தியோடலைட்டின் எந்த உறுப்பு பொருந்துகிறது என்று இரண்டு பத்திகளில் எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் ஏதேனும் ஓரிடம் காலியாக நின்றால், அந்த இடத்தில்தான் அவர்களுடைய கண்டுபிடிப்பு இருக்கிறது. அதையும் நேர்மையாக ஆராயுங்கள். திருகும் ஸ்பிரிங்கும் பழையவை என்பதால் அவற்றைக் கொண்ட எல்லாமே பழையவை ஆகிவிடுவதில்லை. தங்களைப் போன்ற அனுபவசாலிகள் மனு தருவது ஆய்வுக்கே பெருந்துணை; ஆய்வாளர் தேடும் தரவுத்தளங்களில் நம் அலுவலகங்களின் பீரோக்களில் உறங்கும் கையேடுகள் இடம்பெறுவதில்லை.

கேள்வி: காவலூர் வானாய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆர்வத்தில் சொந்தமாகத் தொலைநோக்கி செய்கிறேன். அதன் மேலுள்ள சிறு நோக்கியைச் சரிசெய்ய இரண்டு திருகும் ஒரு ஸ்பிரிங்கும் வைக்கிறார்கள். நான் செய்த குமிழ் புதியதா என்று நானே எப்படித் தேடிப் பார்ப்பது? — வாசகர், வாணியம்பாடி

பதில்: 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் நிற்கும் ஜவ்வாது மலைக்கு அருகிலிருந்து இக்கேள்வி வருவது மகிழ்ச்சி தருகிறது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளமும், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசினெட்டும், கூகுள் பேட்டன்ட்சும் கட்டணமின்றிக் கிடைப்பவை. பெயரைக் கொண்டு தேடாதீர்கள். ஒரே குமிழை ஒருவர் டர்ரெட் என்பார், ஒருவர் டயல் என்பார், ஒருவர் சரிசெய் சாதனம் என்பார். மேற்கண்ட பதிலில் சொன்ன வகை எண்களை இட்டு, வரைபடங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். தங்கள் குமிழைப் போன்ற ஒன்று கண்ணில் பட்டால், அந்த ஆவணம் மேற்கோள் காட்டியவற்றையும் அதை மேற்கோள் காட்டியவற்றையும் பின்தொடருங்கள். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளைச் செலவிட்டால், ஆய்வாளர் எதைக் காட்டக்கூடும் என்பது பெரும்பாலும் விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

கேள்வி: இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிப்பாய் உண்டு. இருட்டிலும் குளிரிலும், கையுறை போட்ட விரலால் எண்ணக்கூடிய குறிநோக்கிக் குமிழ் ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். வெளிநாட்டு நண்பர் ஒருவர் அங்கே முதலில் காப்புரிமை எடுக்கலாம் என்கிறார். எடுக்கலாமா? — முன்னாள் படைவீரர், கம்மவான்பேட்டை

பதில்: வேண்டாம், முதலில் இங்கே விண்ணப்பியுங்கள். இந்தியாவில் வசிப்பவர், அனுமதி பெறாமல் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிப்பதைப் பிரிவு 39 தடுக்கிறது. மீறுவது தண்டனைக்குரிய குற்றம். இங்கே விண்ணப்பித்து 6 வாரங்கள் கழிந்து, இரகசிய ஆணை எதுவும் வராதிருந்தால் வெளிநாட்டில் விண்ணப்பிக்கலாம். அல்லது படிவம் 25-இல் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். பாதுகாப்புத் துறைக்குரிய பொருளாயின், மத்திய அரசின் இசைவின்றி அந்த அனுமதியும் கிடைக்காது.

குறிபார்க்கும் கருவி என்பதால் பிரிவு 35-ஐயும் அறிந்துகொள்ளுங்கள். பாதுகாப்புக்குப் பொருத்தமானது என்று கருதினால், விண்ணப்பத்தை வெளியிடக் கூடாதென்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் ஆணையிடலாம். ஆய்வு நடக்கும், ஆனால் ஆணை நீங்கும் வரை வெளியீடும் இல்லை, உரிமையும் இல்லை. 6 மாதங்களுக்கு ஒருமுறை அந்த ஆணை மறுஆய்வு செய்யப்படும். அக்காலத்தில் அரசு தங்கள் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தினால் ஈடு பெறவும் சட்டம் வழிவகுத்துள்ளது. ஆகையால், ஆணை வந்தால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: இது பணியில் இருந்தபோது, பணியின் பகுதியாகச் செய்ததாக இருந்தால், விண்ணப்பிக்கும் உரிமை யாருக்கு என்பதைத் தங்கள் பணி விதிகளே முடிவு செய்யும்.

காப்புரிமை, பிறர் செய்வதைத் தடுக்கும் உரிமையை மட்டுமே தருகிறது. தாங்கள் செய்து விற்பதற்கான உரிமம் அதில் அடங்காது. ஆயுதத்தோடு தொடர்புடைய பொருளுக்கு ஆயுதச் சட்டம் கேட்கும் அனுமதிகளைத் தனியே பெற வேண்டும். கடிதத்தில் தாங்கள் வரைந்திருந்த படத்தை நான் இங்கே வெளியிடவில்லை. விண்ணப்ப எண் கிடைக்கும் வரை தாங்களும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: குமிழின் மேல் நான் போடும் நர்லிங் (பிடிப்புக்காகக் கடையும் சொரசொரப்பான வரிகள்) கோலம் பார்க்க அழகாகவும் புதிதாகவும் இருக்கிறது என்கிறார்கள். இதற்குக் காப்புரிமை உண்டா? — பட்டறைத் தொழிலாளி, ஆற்காடு

பதில்: அழகுக்குக் காப்புரிமை இல்லை, 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு உண்டு. 10 ஆண்டுகள் பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டுகள் நீட்டிப்பு. கோலம் பிடிப்புக்காக மட்டுமே அப்படி அமைந்திருந்தால் வடிவமைப்பாகப் பதிய முடியாது. அப்போது, அந்தப் பிடிப்பு பழைய நர்லிங்கைவிட எவ்விதத்தில் வேறானது என்று அளந்து காட்ட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் முதற் கேள்விக்குத் தந்த பதில் தங்களுக்கும் பொருந்தும். இரண்டில் எந்த வழியில் போவதாயினும், பதியும் முன் கடைகளுக்குக் கொடுக்காதீர்கள்.